விளையாட்டு வண்டியும் வரலாற்று வண்டியும்



பொழுதுபோக்கு என்றவுடன் அதனை வீண்பொழுது என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். தீப்பெட்டிகளை நூலிற் கோத்து இரயில் விடும் சிறுவனை, “பாடத்தைப் படி” என்று அதட்டாத பெற்றோர் அரியர். ஆயினும், இத்தகைய விளையாட்டு ஆர்வமே ஒரு நாட்டின் வரலாற்றுச் சின்னத்தை அழிவினின்றும் காத்தது என்பதை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் இரயில் வண்டிகளின் சிற்றுருவங்களைச் செய்து ஓட்டுவது சிறுவர்க்கு மட்டுமே உரிய விளையாட்டன்று. முதியோரும் அதில் ஆழ்ந்து ஈடுபடுவர். லிவர்ப்பூல் நகரத்துப் பிராங்க் ஹார்ன்பி என்பார், சாவி கொடுத்தால் ஓடும் சிறு இரயில்களை 1920ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். பின்னர்ப் பெருவழக்காகிய ஒரு முறையில், உண்மை வண்டியின் ஒவ்வோர் அடி நீளமும் 4 மில்லிமீட்டராகச் சுருக்கப்படும். இவ்வாறு சுருக்கிச் செய்பவன் வெறுமனே விளையாடுபவன் அல்லன். எஞ்சினுக்கு எத்தனை சக்கரம், அதற்கு எந்த ஆண்டில் எந்த வண்ணம் பூசினர், நிலையத்தில் கைகாட்டி எங்கே நின்றது என்பனவற்றையெல்லாம் அவன் ஆராய்ந்து அறிதல் வேண்டும். பழைய படங்களையும் வரைபடங்களையும் தேடுதல் வேண்டும். வரலாற்று மாணவன் செய்யும் பணியும் இதுவேயன்றோ?

இனி, வேல்ஸ் நாட்டு மலைப்பகுதிக்குச் செல்வோம். அங்கே டைவின் என்னும் கடற்கரை ஊரிலிருந்து மலைச்சரிவை நோக்கிச் செல்லும் டாலிலின் இருப்புப்பாதை ஒன்று உண்டு. அதன் பிறப்பே சுவையானது. 1861ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது; மான்செஸ்டர் ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்த பருத்தி நின்றது. அப்பஞ்சத்தில் இந்தியப் பருத்திக்கு விலை ஏறிய செய்தியை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே பஞ்சத்தினால், மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் சிலர் தம் பணத்தை வேறு தொழிலில் இட எண்ணி, வேல்ஸ் மலையில் கூரை வேயும் சிலேட்டுக் கல் வெட்டும் சுரங்கத்தை மேற்கொண்டனர். அக்கல்லை ஊருக்குக் கொண்டுசேர்க்கவே 1865ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டம் பெற்று இப்பாதையை அமைத்தனர்.

நம் நாட்டு அகலப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 5 அடி 6 அங்குலம். டாலிலின் பாதையிலோ 2 அடி 3 அங்குலமே. பாதை கட்டி முடிந்தபின் சோதித்தபோது, பாலங்களின் அடியில் வண்டிக்கும் சுவருக்கும் இடையே போதிய இடம் இல்லை என்று தெரியவந்தது. பாலங்களை இடித்துக் கட்டுவதற்கு மாறாகத் தண்டவாளத்தை ஒருபுறமாகத் தள்ளியிட்டு, பெட்டிகளின் மறுபுறக் கதவுகளை நிலையாக அடைத்துவிட்டனர்! சிக்கனத்திற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1911ஆம் ஆண்டில் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் சுரங்கத்தையும் பாதையையும் வாங்கினார். 1946ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கம் சரிந்து மூடப்பட்டது. கல் ஏற்றும் பணி ஒழிந்த பின்னரும், தாம் உயிரோடு இருக்கும் வரை வண்டி ஓடும் என்று உறுதி கூறிய அப்பெரியார், கோடைகாலத்தில் பயணிகளுக்காக அதனை நட்டத்திலும் நடத்திவந்தார். பிரிட்டிஷ் இரயில்வேக்கள் 1948இல் நாட்டுடைமையானபோது இச்சிறு பாதை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. கட்டைகள் மக்கிப்போயின, தண்டவாளத்தை அதன் நிலையிற் பிடித்து நின்றது புல்லின் வேரே எனலாம். 1950ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சர் ஹேடன் மறைந்தார். இனி இரும்பை விலைக்கு விற்பதன்றி வேறு வழியில்லை என்றே தோன்றியது.

அவ்வேளையில் முன்வந்தவர் டாம் ரோல்ட் என்னும் பொறியாளர்; நூலாசிரியருங்கூட. 1950ஆம் ஆண்டு அக்டோபரில் பர்மிங்காம் நகரில் ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. அரசின் உதவியை எதிர்பாராது, அன்பர்களே உழைத்து இப்பாதையை நடத்துவது என்று முடிவாயிற்று. சர் ஹேடனின் துணைவியார் அதற்கு இசைந்தார். 1951ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வண்டி மீண்டும் ஓடியது. தன்னார்வத் தொண்டர்கள் காத்து நடத்திய முதல் இரயில்வே உலகில் இதுவே.

நற்கருத்து மட்டும் எஞ்சினை இழுக்காது. அப்போது ஓடத்தக்க நிலையில் இருந்தது 1866ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘டோல்காக்’ என்னும் ஒரே எஞ்சின். அதனைப் பேணும் பொறுப்பை முதலில் ஏற்றவர் டேவிட் கர்வன். அவர் யார் தெரியுமா? சிற்றுருவ எஞ்சின்களைச் செய்வதில் கைதேர்ந்தவர்! சிறியதைச் செய்து பழகிய கை, பெரியதைச் செப்பனிட உதவியது. அண்மையில் மூடப்பட்ட மற்றொரு பாதையின் எஞ்சின்கள் இரண்டையும் அன்பர்கள் ஒவ்வொன்றும் 25 பவுன் விலைக்கு வாங்கினர்.

அங்கே தொண்டு செய்யச் சென்றவருள் வில்பர்ட் ஆட்ரி என்னும் பாதிரியாரும் ஒருவர். நோயுற்றிருந்த தம் மகனுக்குக் கதை சொல்லவும், மரத்தால் எஞ்சின் செய்து கொடுக்கவும் தொடங்கிய அவரே, பின்னர் உலகச் சிறுவர்கள் அறிந்த ‘தாமஸ்’ எஞ்சின் கதைகளை எழுதியவர். 1952ஆம் ஆண்டில் இப்பாதையில் கார்டாகப் பணிபுரிந்தபோது, சிற்றுண்டி விற்கும் அம்மையாரை நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டி புறப்படக் கொடி காட்டிவிட்டார். அந்நிகழ்ச்சியையும் பிற்காலத்தில் கதையாக்கினார். வீட்டு மேசைமேல் ஓடும் வண்டிக்கும் மலையேறும் வண்டிக்கும் இடையே எத்துணை நெருக்கம் என்பது இதனால் விளங்கும்.

அன்று ஒரு சிலர் ஏற்றிய விளக்கிலிருந்து பல விளக்குகள் எரிந்தன. பிரிட்டனில் இவ்வாறு காக்கப்படும் இரயில் பாதைகள் இன்று நூற்றுக்கு மேற்பட்டவை. வேல்ஸ் நாட்டுச் சிலேட்டு நிலப்பகுதி 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, டாலிலின் பாதையும் அதனுள் அடங்கியது. நம் நீலகிரி மலை இரயில் 2005ஆம் ஆண்டிலேயே அப்பெருமை பெற்றது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அரசர்களின் போர்களும் உடன்படிக்கைகளும் ஏடுகளில் எப்படியும் இடம்பெற்றுவிடும். கல் சுமந்த வண்டியும், அதை ஓட்டிய தொழிலாளியின் திறனும் அவ்வாறு தாமே நிலைபெறுவன அல்ல. அவற்றை விரும்பி அறிபவர் இருந்தால்தான் அவை நிற்கும். ஆகவே மாணவர்களே, உங்கள் ஊரில் ஒரு பழைய நிலையக் கட்டிடம், கைவிடப்பட்ட பாதை, ஓய்வுபெற்ற எஞ்சின் ஓட்டி ஒருவர் இருப்பின், சென்று காணுங்கள், கேளுங்கள், அளந்து வரையுங்கள், ஆண்டும் நாளும் குறித்து வையுங்கள். இயலுமாயின் அட்டையிலேனும் மரத்திலேனும் அதன் சிற்றுருவம் ஒன்றைச் செய்யுங்கள். செய்து பார்த்த பொருளை மனிதன் எளிதில் அழியவிடான்.