ராசிபுரத்து வீட்டில் ஹெட்போன் ஆம்ப்: மின்சாரம், வெப்பம், செவி பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ஹெட்போன் ஆம்ப் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு எந்த ஐசி நல்லது என்பதில் தொடங்கி அங்கேயே முடிகிறது. எட்டுக் கால் ஐசி ஒன்றைப் பிடுங்கிவிட்டு விலை கூடிய இன்னொன்றைச் செருகினால் பாட்டு தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இக்கட்டுரையின் துணிபு வேறு. ராசிபுரம் போன்ற ஊரில், சாதாரண வீட்டு இணைப்பில் ஓடும் ஓர் ஆம்ப்பின் தரத்தை அதற்கு வந்து சேரும் மின்சாரமும், அதன் கெயினும், வெளியீட்டு மின்தடையும், பெட்டிக்குள் தேங்கும் சூடும்தான் முடிவு செய்கின்றன. ஐசி இவற்றுக்கெல்லாம் பின்னால் வருகிறது.

வீட்டில் ஒருவர் தாமே திறந்து, அளந்து, ஈயம் வைத்து மாற்றக்கூடிய சிறிய ஆம்ப்கள் மட்டுமே இங்கு ஆய்வுப் பொருள். வால்வு ஆம்ப்களை எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றில் உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் இருக்கிறது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

2. இரண்டாயிரம் ஓமிலிருந்து முப்பத்திரண்டுக்கு

கலீனா படிகத்தை அலை உணர்கருவியாகப் பயன்படுத்தியதற்கு ஜகதீஷ் சந்திர போஸுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1904-இல். படிக ரேடியோவின் அடிப்படை அதுதான். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில், படிக செட்டில் கேட்பதென்றால் ஹெட்போனை மாட்டித்தான் கேட்க வேண்டும். அந்த செட்டில் பேட்டரி இல்லை, ஆம்ப்பும் இல்லை. வானில் வந்த அலையின் சொந்த ஆற்றலே காதருகில் இருந்த தகட்டை அசைத்தாக வேண்டும். அதனால் ஹெட்போன் சுருளில் மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றி, 2000 ஓம் அளவுக்கு மின்தடையைக் கூட்டி வைத்தார்கள்.

பிறகு வந்த மாற்றங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். ஜான் காஸ் 1958-இல் ஸ்டீரியோ ஹெட்போனை வீட்டுப் பொருளாக்கினார். ஜெர்மனியின் சென்ஹைசர் 1968-இல் வெளியிட்ட ஹெச்.டி.414 திறந்த வகையைப் பரப்பியது. அதுவும் 2000 ஓம்தான். 1979-இல் சோனி வாக்மேன் வந்ததும் கணக்கு தலைகீழானது. இரண்டு சிறிய பேட்டரி தரக்கூடிய மின்னழுத்தம் குறைவு. ஆகவே ஹெட்போனின் மின்தடை 32 ஓம் பக்கம் இறங்கியது. 1990-களின் இறுதியில் சூ மோய் என்ற அமெரிக்கர், மிட்டாய்த் தகரப் பெட்டிக்குள் அடங்கும் 9 வோல்ட் பேட்டரி ஆம்ப் ஒன்றின் வரைபடத்தைப் பொதுவில் வைத்தார். அவர் பெயராலேயே சிமோய் என வழங்கும் அந்த வரைபடம்தான் இன்றுவரை வீட்டில் ஆம்ப் கட்டுவோரின் பாலபாடம்.

இந்த வரலாற்றில் ஒரு விதி தொடர்ந்து வருகிறது. ஹெட்போனின் மின்தடையை நிர்ணயித்தது ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த மின்மூலம். அந்த மின்மூலத்தை விட்டுவிட்டு ஆம்ப்பைப் பற்றிப் பேச முடியாது.

3. முதலில் தேவைக் கணக்கு

ஆம்ப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: ஹெட்போனின் மின்தடை, ஒரு மில்லிவாட்டுக்கு அது தரும் ஒலி. சென்ஹைசர் ஹெச்.டி.600-ஐ எடுத்துக்கொள்வோம். 300 ஓம், மில்லிவாட்டுக்கு ஏறத்தாழ 97 டெசிபெல். மேளமோ தவிலோ ஓங்கி அடிக்கும் கணத்தில் 110 டெசிபெல் வேண்டும் என்று வைத்தால் 13 டெசிபெல் கூடுதல் தேவை. அது 20 மில்லிவாட். அதற்கு 2.45 வோல்ட்டும் 8 மில்லிஆம்பியரும் போதும். மாறாக, 32 ஓம், 100 டெசிபெல் உள்ள சாதாரண ஹெட்போனுக்கு அதே 110-ஐ எட்ட 10 மில்லிவாட், 0.57 வோல்ட், 18 மில்லிஆம்பியர். முன்னது மின்னழுத்தம் கேட்கிறது, பின்னது மின்னோட்டம் கேட்கிறது. இரண்டும் சிறிய அளவுகளே.

இப்போது செல்போனின் ஹெட்போன் துளை 1 வோல்ட் தருவதாகக் கொள்வோம். 300 ஓமுக்கு அது 3.3 மில்லிவாட், உச்சம் 102 டெசிபெல். இரவில் அமைதியான அறையில் கேட்பவருக்கு இது பெரும்பாலும் போதும். 32 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்கோ இது தேவைக்கு மேல். ஆம்ப் வாங்குவோரில் பலருக்கு ஆம்ப் தேவைப்படவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேவைப்படும் இடங்கள் மூன்று: மின்தடை கூடிய ஹெட்போன், 0.5 வோல்ட்டே தரும் மலிவான டைப்-சி இணைப்பி, வெளியீட்டு மின்தடை கூடிய பழைய டெக் அல்லது ஸ்டீரியோ செட்.

4. நம் ஊர் மின்சாரம்

ஆய்வின் மையம் இதுதான். இங்கே நிதானமாக நிற்க வேண்டும்.

சால்டரிங் பழகிய எவரும் கட்டும் மின்வழங்கி ஒன்று உண்டு: 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007 டயோடு, 25 வோல்ட் கண்டன்சர் இரண்டு, சீராக்கிகளான 7812-உம் 7912-உம். 230 வோல்ட் சீராக வரும் ஊரில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெண்ணந்தூர், அத்தனூர் பக்கம் விசைத்தறிகளும், சுற்றிலும் சேகோ ஆலை மோட்டார்களும், தோட்டத்துப் பம்ப்செட்டுகளும் இழுக்கும்போது கடைக்கோடி வீட்டில் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் என்ன ஆகும்? 12 வோல்ட் 9.4 ஆகிறது, உச்சம் 13.3, டயோடு இழப்பு போக 12.5. 7812 ஒழுங்காக வேலை செய்ய ஏறத்தாழ 14.5 வோல்ட் வேண்டும். கிடைக்காதபோது அது சீர்செய்வதை நிறுத்திவிடுகிறது. கண்டன்சரில் உள்ள 100 ஹெர்ட்ஸ் அலைவு அப்படியே ஐசிக்குப் போகிறது. காதில் ஹம்மிங் கேட்கிறது. சுமை குறைந்த சிறு டிரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிடச் சற்றுக் கூடத் தரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தயவை நம்பி மின்வழங்கி கட்டுவது முறையல்ல.

இதே குறையை ஐசியின் குறையாக எண்ணி ஐசி மாற்றுவோர் உண்டு. மாலையில் இரைந்த ஆம்ப் நள்ளிரவில் அடங்கிவிட்டால் குறை லைனில் இருக்கிறது. ஹம்மிங் கேட்கும் நேரத்தில் சீராக்கியின் நுழைகாலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

இன்வெர்ட்டர் இன்னொரு சிக்கல். சதுர அலை தரும் வகையில் 230 வோல்ட் என்றால் உச்சமும் 230 தான். சைன் அலையில் உச்சம் 325. எனவே கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதும் 12-0-12 மின்வழங்கியில் கண்டன்சருக்கு 11 வோல்ட் சொச்சமே வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகளும் உறுமத் தொடங்குகின்றன.

தீர்வு மூன்றாம் பகுதியின் கணக்கிலேயே இருக்கிறது. நமக்குத் தேவை 2.45 வோல்ட். அதற்கு இருபுறமும் 12 வோல்ட் எதற்கு? இருபுறமும் 9 வோல்ட் கொடுத்தாலே ஐசி ஏறத்தாழ 5 வோல்ட் தரும். தேவைக்கு இரு மடங்கு. ஆகவே 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், 9 வோல்ட் சீராக்கி என்ற சேர்க்கையை இந்தப் பகுதிக்கு உரியதாக முன்வைக்கிறேன். 180 வோல்ட்டில் கண்டன்சரில் 15.8 நிற்கிறது, சதுர அலையில் 14.2, சீராக்கிக்கு வேண்டியது 11.5. இரண்டிலும் தப்பிக்கிறது. 250 வோல்ட் ஏறினால் 22 தாண்டும் என்பதால் கண்டன்சர் 35 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 7909 கடையில் கிடைக்காவிட்டால் எல்.எம்.317, எல்.எம்.337 இரண்டையும் 240 ஓம், 1.5 கிலோஓம் வைத்து அமைத்தால் 9.06 வோல்ட் வரும்.

எர்த் பற்றிக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரும் ஆம்ப்பும் தனித்தனிப் பிளக்கில் எர்த் ஆகும்போது இரண்டுக்கும் இடையே ஒரு சுற்று உருவாகி இரைச்சல் வருவது உண்டு. அதற்கு மருந்தாக மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைக் கழற்றிவிடச் சொல்லும் வழக்கம் இங்கு இருக்கிறது. இது கொலைக்கு ஒப்பானது. டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு பழுதானால் தகரப் பெட்டியிலும், அதன் வழியே தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போன் வயரிலும் 230 வோல்ட் ஏறும். கம்ப்யூட்டரையும் ஆம்ப்பையும் ஒரே பலகையில் ஒரே பிளக் வரிசைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். அடங்காவிட்டால் சிக்னல் பாதையில் சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரைப் போடலாம். கரியும் உப்பும் இட்டு நிரப்பிய எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்துவிடுவதும் இங்கு உண்மை. கோடையில் அதற்கு நீர் ஊற்றுவது இசைக்கும் உயிருக்கும் சேர்த்துச் செய்யும் பராமரிப்பு.

இனி வெப்பம். மின்பகுளிக் கண்டன்சரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் இரு மடங்காகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. ஓட்டுக்கூரைக்கோ ஆஸ்பெஸ்டாஸுக்கோ கீழே, மே மாதத்தில், சூடாகும் ஆம்ப் ஒன்றின் பெட்டிக்குள் 65 டிகிரி நிற்பதாகக் கொண்டால், 85 டிகிரி 2000 மணி என்று அச்சிட்ட கண்டன்சர் 8000 மணி நேரம் உழைக்கும். அதே 2000 மணி அச்சிட்ட 105 டிகிரி வகை 32,000 மணி. அணைக்காமலே விட்டால் முன்னது ஓராண்டைக்கூடத் தாண்டாது. இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடில்லை. தறி உள்ள வீடுகளில் பஞ்சுத் துகள் காற்றுத் துளைகளை அடைத்துச் சூட்டை மேலும் கூட்டும்; அங்கே மாதம் ஒருமுறை தூரிகையால் துடைத்துவிட வேண்டும்.

5. மாற்றத் தகுந்தவை

முதலில் கெயின். சிமோய் வரைபடத்தில் 1 கிலோஓமும் 10 கிலோஓமும் சேர்ந்து 11 மடங்கு கெயின் தருகின்றன. 1 வோல்ட் மூலத்திலிருந்து 2.45 வோல்ட் எடுக்க 2.5 மடங்கு போதும் எனக் கண்டோம். 11 மடங்கு இருந்தால் வால்யூமைச் சிறிது திருப்பியதுமே சத்தம் காதை அடைக்கிறது. இரட்டை வால்யூம் கண்ட்ரோலில் இடமும் வலமும் ஒத்துப்போகாத பகுதி அந்தக் கீழ்க்கோடிதான். 10 கிலோஓமை எடுத்துவிட்டு 2.2 கிலோஓம் வைத்தால் கெயின் 3.2 ஆகும்; ஐசியின் சொந்த இரைச்சலும் 10 டெசிபெலுக்கு மேல் தணியும்; வால்யூம் குமிழ் நடுப்பகுதிக்கு வரும். சில ரூபாயில் முடியும் இந்த மாற்றத்துக்கு நிகராக நான் எதையும் சொல்லமாட்டேன். சோதிக்க 1950-களின் ஒற்றைத் தட ஒலிப்பதிவுப் பாட்டு ஒன்றே போதும். குரல் தலையின் நடுவே நிற்க வேண்டும்; ஒரு பக்கம் சாய்ந்தால் வால்யூம் கண்ட்ரோலின் குறை. புதிது வாங்கும்போது ஏ10கே என்று கேட்டு வாங்குங்கள். பி10கே நேர்கோட்டு வகை, செவிக்குப் பொருந்தாது.

அடுத்தது வெளியீட்டு மின்தடை. ஹெட்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழக்கு. ஹெச்.டி.600-இன் 300 ஓம், கீழ்ச்சுருதியில் 500-ஐத் தாண்டுகிறது. ஆம்ப்பின் வெளியீட்டில் 120 ஓம் இருந்தால் அந்தப் பகுதி மட்டும் ஒரு டெசிபெல் உயர்ந்து ஒலிக்கும். மெக்கானிக் கடைகளில் எல்.ஏ.4440 ஐசி வைத்துக் கட்டித் தரும் ஸ்பீக்கர் ஆம்ப்களில் ஹெட்போன் துளைக்கு 100 ஓமோ அதற்கு மேலோ தொடராக இடுவதுண்டு. ஹெட்போனைக் காக்க அது தேவை. ஆனால் 32 ஓம் ஹெட்போனின் சுருதிச் சமநிலை அதில் மாறிப்போகும். பிரிட்ஜ் முறைப் போர்டுகளில் துளையே வைக்கக் கூடாது. அங்கே கறுப்பு வயரும் உயிருள்ள வெளியீடு. ஹெட்போன் பிளக்கின் பொதுக்கால் இரு சேனல்களின் கறுப்பையும் ஒன்றாக்கி ஐசியை எரித்துவிடும்.

ஒற்றை மின்வழங்கி ஆம்ப்களில் வெளியீட்டுக் கண்டன்சர் 220 மைக்ரோஃபாரட் என்றால் 32 ஓமுக்கு 22 ஹெர்ட்ஸிலேயே ஒலி சரியத் தொடங்கும். 1000 போட்டால் 5 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

ஐசி விஷயத்துக்கு வருவோம். 4558, 2 கிலோஓம் சுமைக்கு ஏற்றது. 32 ஓமை நேரடியாக ஓட்டத் திணறும். அதை மாற்றுவதில் நியாயம் உண்டு. 5532-ஐ எடுத்துவிட்டு ஓ.பி.ஏ.2134 போடுவதற்கு அப்படியொரு வலுவான காரணமில்லை. உற்பத்தியாளர் தரும் கணக்கில் 5532-இன் உள்ளிரைச்சல் 5 நானோவோல்ட், விலை கூடிய 2134-க்கு 8. வேறுபாடு கேட்கிறது என்பவர் இரண்டின் சத்தத்தையும் மல்டிமீட்டரால் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்த மாற்றம் செய்தாலும், ஹெட்போனைச் செருகும் முன் துளையில் டிசி அளப்பது கட்டாயம். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 50-ஐத் தாண்டினால் செருகக் கூடாது.

6. செவியின் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் வகுத்த நெறியின்படி பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபெல். மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 89 டெசிபெலில் வாரத்துக்கு 5 மணிதான். விசைத்தறிக் கூடத்து ஓசை 90 டெசிபெலைத் தாண்டுவது இயல்பு. ஒரு ஷிப்ட் அங்கே நின்றவர் வாரக் கணக்கை அந்த ஒரே நாளில் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். ஓசையில் களைத்த செவி மெல்லிய ஒலியைச் சில மணி நேரம் வாங்காது. அந்நேரம் ஹெட்போன் மாட்டுபவர் தம்மை அறியாமல் வால்யூமைக் கூட்டுகிறார். ஆம்ப் அதற்குத் தடையின்றி இடம் கொடுக்கிறது.

ஆகவே தறி ஓட்டும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடத்தில் காதடைப்பான் போடுங்கள். ஷிப்ட் முடிந்த மாலையில் ஹெட்போனைத் தொடாமல், பாட்டை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்புக்குப் பணம் ஒதுக்கும் முன், காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள்.