அஞ்சலட்டையில் அறியும் உலகம்

உலகின் முதல் அஞ்சலட்டையை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா வெளியிட்டது. இந்தியாவில் 1879இல் அது காலணா விலைக்கு வந்தது.

பல நாட்டு அட்டைகளைச் சேகரிக்க இன்றும் வழியுண்டு. 2005இல் போர்ச்சுகலில் தொடங்கப்பட்ட போஸ்ட்கிராஸிங் இணையதளம், வேறொரு நாட்டு உறுப்பினரின் முகவரியையும் ஓர் அடையாள எண்ணையும் தரும். அந்த எண்ணை எழுதி அட்டையை அனுப்ப வேண்டும். அது கிடைத்ததை அவர் பதிவு செய்ததும், நம் முகவரி இன்னோர் உறுப்பினருக்குப் போகும். அவரிடமிருந்து நமக்கு அட்டை வரும்.

படத்தோடு தபால்தலையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுவிட்சர்லாந்து தபால்தலையில் 'ஹெல்வேஷியா' என்றும், ஃபின்லாந்தினுடையதில் 'சுவோமி' என்றும் இருக்கும். பிரிட்டனுடையதில் நாட்டின் பெயரே இருக்காது. மதரஸாவில் அரபு எழுத்துக் கற்ற பிள்ளை, எகிப்தின் தபால்தலையில் 'மிஸ்ர்' என்பதைத் தானே வாசித்துவிடும். குர்ஆனில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் பெயர் அது. மொராக்கோவின் அரபுப் பெயர் 'அல்மக்ரிப்'. நாம் தினமும் தொழும் மக்ரிபும் அதே சொல்தான்.

ஒரு கவனம் தேவை. வீட்டு முகவரி அறிமுகமில்லாதவர்களுக்குப் போவதால், கணக்கைப் பெற்றோரே தம் பெயரில் வைத்திருப்பது நல்லது. பிள்ளையின் பள்ளி, வயது போன்ற விவரங்களை அட்டையில் எழுத வேண்டாம்.