எஞ்சினுக்குக் காது முளைத்த கதை

சைக்கிளுக்குக் காற்றடித்த உடனே பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை விரைவாக அமுக்கினால் அதன் வெப்பநிலை உயரும். டர்போ சார்ஜர் பொருத்திய பெட்ரோல் கார்களை இருபது ஆண்டுகள் அலைக்கழித்தது இந்த எளிய உண்மைதான்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு டர்பைனைச் சுழற்றும். அந்தச் சுழற்சி, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். இதுவே டர்போ சார்ஜர். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், திறனும் கூடும். ஆனால் கூடவே அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. தீப்பொறியிலிருந்து சுடர் பரவி வந்து சேருமுன், ஓரத்தில் எஞ்சிய கலவை தானாகவே ஒரேயடியாகப் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் உலோக ஓசையைத் 'தட்டல்' என்பர். அது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும்.

1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 'ஜெட்ஃபயர்' காரை வெளியிட்டது. 3.5 லிட்டர் எஞ்சின். 215 குதிரைத் திறன். அமுக்க விகிதம் 10.25. வெப்ப மாற்றீடற்ற அமுக்கத்தின் சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. 27° செ. வெப்பநிலையுள்ள காற்றைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 490° செ. வரும்! டர்போவின் அழுத்தம் அதற்கும் மேல்.

எனவே நீரும் மெதில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைக் கலவையில் தெளித்தார்கள். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 540 கலோரி வெப்பம் வேண்டும். அது கலவையிலிருந்தே எடுக்கப்படுவதால் கலவை குளிரும். இயற்பியல் சரிதான். ஆனால் திரவத்தை நிரப்ப வேண்டியவர் காரின் உரிமையாளர்! பலர் மறந்தனர். திரவம் தீர்ந்தால் ஒரு வால்வு மூடி, டர்போவை அடக்கிவிடும். எஞ்சின் தப்பும், காசு கொடுத்து வாங்கிய வேகம் போய்விடும். 1963-ஓடு ஜெட்ஃபயர் நின்றது. பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது.

1977-ல் ஸ்வீடனின் சாப் நிறுவனம் வேறு வழியில் சென்றது. அதன் '99 டர்போ' காரில் அமுக்க விகிதத்தை 7.2 ஆகக் குறைத்தது. அதே கணக்கில் இப்போது 390° செ. மட்டுமே. தட்டல் அடங்கியது, ஆனால் இதற்கும் விலை உண்டு. அமுக்க விகிதம் குறைந்தால் எஞ்சினின் பயனுறு திறனும் குறையும் அல்லவா? டர்போ வேகம் பிடிக்காத நேரங்களில் எஞ்சின் சோம்பியது.

விடை 1982-ஆம் ஆண்டுக் கார்களில் வந்தது. சாப் பொறியாளர்கள் சிலிண்டர்களின் வார்ப்புக் கட்டையில் அதிர்வை உணரும் கருவியைப் பொருத்தினர். தட்டல் தொடங்கியதுமே மின்னணுச் சுற்று டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும்; ஓய்ந்ததும் மீண்டும் ஏற்றும். அமுக்க விகிதம் 8.5-க்கு உயர்ந்தது. பெட்ரோலின் தரம் குறைந்தாலும் எஞ்சின் தானே சமாளித்துக்கொண்டது.

இன்று பல டர்போ எஞ்சின்களில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்பட்டு, அங்கேயே ஆவியாகிக் கலவையைக் குளிர்விக்கிறது. அதனால் அமுக்க விகிதம் மீண்டும் 10-ஐ எட்டியுள்ளது. ஜெட்ஃபயரின் கருத்து தவறன்று. அது மனிதரின் ஞாபகத்தை நம்பியதே தவறு.