முந்தி வரும் பருவம்



ஒரு பிள்ளை எப்பொழுது பிள்ளைப் பருவத்தைக் கடக்கின்றது என்பது மிகப் பழைய வினா. நம் முன்னோர் பெண்ணின் வாழ்நாளை ஏழு பருவங்களாக வகுத்தனர். 5 முதல் 7 வயது வரையுள்ளவளைப் பேதை என்றனர். 8 முதல் 11 வரையுள்ளவளைப் பெதும்பை என்றனர். அதன் பின்னரே மங்கை, மடந்தை என்னும் பெயர்களை வழங்கினர். கிரேக்க நாட்டு அரிஸ்டோட்டில், ஏழாண்டுகள் இருமுறை கழிந்த பின், அதாவது 14 வயதளவில், ஆண்பிள்ளையின் குரல் மாறத் தொடங்கும் என எழுதி வைத்தார். நாடு வேறு, மொழி வேறு. எனினும் பருவம் ஓர் ஒழுங்கின்படி வருவது என்பதை இருசாராரும் அறிந்திருந்தனர்.

அவ்வொழுங்கு தவறி, 7 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலிலோ 8 வயதுச் சிறுவன் ஒருவனின் உடலிலோ வளர்ந்தோருக்குரிய மாற்றங்கள் தோன்றினால் என் செய்வது? பெற்றோர் பலர் இவ்வினாவை மனத்துள் வைத்து மறுகுகின்றனர். வாய்விட்டுக் கேட்க நாணுகின்றனர். முந்தி வரும் பருவத்தை உலகம் இதுகாறும் எவ்வாறு நோக்கி வந்தது என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய்ந்து, அதிலிருந்து நாம் கற்கக்கூடியது யாது எனக் காண்போம்.

கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, தமது இயற்கை வரலாறு என்னும் பெருநூலிற் சலாமிஸ் என்னும் இடத்துச் சிறுவன் ஒருவனைப் பற்றிக் கூறுகின்றார். மூன்று வயதுக்குள் அவன் மூன்று முழ உயரம் வளர்ந்து விட்டான். குரல் தடித்தது, பருவத்தின் குறிகள் தோன்றின. ஆனால் நடை மந்தமாயிற்று, அறிவும் மழுங்கியிருந்தது. மூன்று வயது நிரம்பிய வேளையில் அங்கங்கள் இழுத்துக்கொள்ள அவன் திடீரென மாண்டான். பிளினி இதனை ஒரு வியப்புச் செய்தியாகவே எழுதினார். இக்கால வைத்தியர் ஒருவர் அதனைப் படித்தால், மூளையிற் கோளாறு இருந்திருக்குமோ என்றே முதலில் ஐயுறுவார். 1898ஆம் ஆண்டில் ஜேர்மானியக் குழந்தை வைத்தியரான ஒட்டோ ஹொய்ப்னர், பருவம் முந்திவந்த 4½ வயதுச் சிறுவன் ஒருவனின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பியிற் கட்டி இருந்ததை எடுத்துரைத்தார். வேடிக்கையாக நோக்கப்பட்ட ஒன்று நோயாக நோக்கப்படுவதற்கு 1,800 ஆண்டுகள் சென்றன.

ஆயினும், நோயினால் விளைந்த தீங்கைக் காட்டிலும் மாந்தரின் பிழையான எண்ணத்தால் விளைந்த தீங்கே பெரிது. பிரான்சிய அறிஞர் மொன்தெஸ்கியூ 1748இற் சட்டங்களைப் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்டார். வெப்ப நாடுகளிற் பெண்கள் 8, 9, 10 வயதிலேயே மணத்திற்குத் தகுதி பெற்று விடுகின்றனர் என்று அதில் அவர் கூறினார். அறிவு முதிருமுன் உடல் முதிர்ந்து விடுவதால், அந்நாட்டுப் பெண்கள் ஆடவருக்கு அடங்கி வாழ்தல் இயல்பே என்றும் முடிவு கட்டினார். அவர் எந்தச் சிறுமியின் வயதையும் கணக்கிட்டுப் பார்த்தவரல்லர். பிரயாணிகளின் கதைகளே அவருக்குச் சான்றாயின. எனினும் பேரறிஞரின் கூற்றாதலால் அது பல தலைமுறைக்கு நிலைத்தது.

அதனை மறுத்தவர் ஒரு சாதாரண வைத்தியர். இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிற் பிரசவ வைத்தியசாலையிற் பணிபுரிந்த ஜோன் றொபேட்டன், 1830ஆம் ஆண்டளவில், அங்கு வந்த 450 பெண்களிடம் அவர்கள் முதன்முதற் பூப்பெய்திய வயது யாதென வினவிக் குறித்துக்கொண்டார். 15 வயதினரே அதிகமாயிருந்தனர். ஆனால் 11 வயதிற் பூப்பெய்தியோர் பதின்மரும், 20 வயது வரை காத்திருந்தோர் நால்வரும் அவருள் இருந்தனர். குளிர் மிகுந்த ஒரே நகரில், ஒரே வெயிலும் மழையும் பெற்று வாழ்ந்த பெண்களிடையே ஒன்பதாண்டு வேறுபாடு! பின்னர் அவர் இந்தியாவிலிருந்தும், பனி மூடிய லாப்ரடோர் நிலத்திலிருந்தும் கடிதமூலம் செய்திகளைத் திரட்டினார். வெயிலைக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது என்றும், கீழைநாடுகளிற் சிறுமியர் மணமுடிக்கப்படுவதற்கு அங்குள்ள வழக்கமே காரணம், இயற்கை அன்று என்றும் வாதித்தார்.

இவ்வாதம் நூல்களோடு நின்ற ஒன்றன்று. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், 10 வயதைக் கடந்த மனைவியோடு கணவன் கூடுவதைக் குற்றமெனக் கொள்ளவில்லை. கல்கத்தாவில் பூல்மணி தாசி என்னும் சிறுமி, 10 வயதைச் சிறிதே கடந்த நிலையில், வயது முதிர்ந்த கணவனால் ஏற்பட்ட காயத்தினால் இறந்தாள். 1890இல் வழக்கு விசாரணைக்கு வந்தபொழுது, அவள் சட்டம் குறித்த எல்லையைக் கடந்தவளாதலின் அவன்மீது பெருங்குற்றம் சாட்ட இயலாது போயிற்று. நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1891இல் அவ்வெல்லை 12 வயதாக உயர்த்தப்பட்டது. எதிர்த்தோர் கூறிய நியாயத்தைக் கவனியுங்கள். 12 வயதுக்கு முன்னரே பூப்பெய்தும் சிறுமியர் உளர்; பூப்பெய்தியவுடன் செய்தற்குரிய சடங்குக்குச் சட்டம் இடையூறாகும் என்றனர். அதாவது, உடலில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டால் அவள் குழந்தையல்லள் என்பதே அவர் கொள்கை. நம் இலங்கையிலும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை குறித்த 12 வயது எல்லை 1995ஆம் ஆண்டிலேயே 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே அயல்நாட்டாரைக் குறைகூறி நாம் ஒதுங்கிவிட இயலாது.

வெயில் காரணமன்றெனின், பருவத்தை முந்தச் செய்வதும் பிந்தச் செய்வதும் யாவை? இதற்கு விடைகூறும் சான்றொன்று எவரும் எதிர்பாராத இடத்திற் கிடைத்தது. இசைமேதை பாக், ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 1723 முதல் 1750 வரை தோமஸ் பாடசாலை மாணவரின் பாடற்குழுவை நடத்தினார். எந்தச் சிறுவன் எந்த ஆண்டில் உச்சக் குரலிற் பாடினான், எப்பொழுது ஆண்குரலுக்கு மாறினான் என்பது பழைய ஏடுகளிலிருந்து தெரியவந்தது. அவற்றை ஆராய்ந்த டோ என்பவர், அம்மாணவரின் குரல் ஏறக்குறைய 17 வயதிலேயே உடைந்ததென 1970இல் எழுதினார். 1740இல் ஒஸ்திரிய வாரிசுரிமைப் போர் மூண்டு நாட்டை வருத்திய காலத்தில் அது மேலும் பிந்தியது. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரப் பாடற்குழுச் சிறுவருக்கோ இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 14 வயதளவிலேயே குரல் உடைந்தது. வயிறார உணவும் நோயற்ற வாழ்வும் கிடைக்குமிடத்துப் பருவம் முந்துகின்றது. பஞ்சமும் போரும் அதனைப் பிந்தச் செய்கின்றன.

இவ்வுண்மையை அளந்து நிறுவியவருள் தலையாயவர் ஆங்கில வைத்தியர் ஜேம்ஸ் ரானர். ஹார்ப்பென்டன் என்னும் ஊரிலிருந்த சிறுவர் இல்லத்திற் பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்கும் பணி 1948இல் தொடங்கிற்று. அவரும் அவர்தம் துணைவர் மார்ஷலும் அங்கு கண்டவற்றை, சிறுமியர் பற்றி 1969இலும் சிறுவர் பற்றி 1970இலும் வெளியிட்டனர். பருவ வளர்ச்சியை ஐந்து படிகளாக அவர்கள் வகுத்த முறையையே இன்றும் உலகெங்கும் வைத்தியர் கைக்கொள்கின்றனர். அச்சிறுமியரிடம் மார்பு அரும்பிய சராசரி வயது 11.15, பூப்பெய்திய சராசரி வயது 13.47. முதற்குறி தோன்றியதற்கும் பூப்புக்கும் இடையே இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலம் உண்டு என்பதைத் தாய்மார் மனத்திற் கொள்ள வேண்டும். பூப்பு வருமுன்னரே, கவனிப்பதற்கும் வைத்தியரை நாடுவதற்கும் மகளுக்கு எடுத்துரைப்பதற்கும் காலம் இருக்கின்றது. ஒரு நாட்டுப் பிள்ளைகளின் வளர்ச்சி அந்நாட்டின் நிலையைக் காட்டும் கண்ணாடி என்றும் ரானர் கருதினார்.

கண்ணாடி காட்டும் உருவம் பின்னரும் மாறியது. அமெரிக்காவில் 17,000க்கு மேற்பட்ட சிறுமியரை ஆராய்ந்து 1997இல் வெளிவந்த அறிக்கை, முன்னர் நூல்கள் கூறிய வயதுக்கு முன்னதாகவே பலரிடம் மார்பு வளர்ச்சி தொடங்குவதைக் காட்டிற்று. கொப்பன்ஹேகனில் 1991இல் 10.88 ஆயிருந்த அச்சராசரி வயது 2006இல் 9.86 ஆயிற்று. பதினைந்தாண்டில் ஓராண்டு! பூப்பெய்தும் வயது இவ்வளவு விரைவிற் குறையவில்லை. மிகு உடற்பருமனுள்ள சிறுமியரிடம் பருவம் முந்துதல் தெளிவாகக் காணப்படுகின்றது. பற்றாக்குறையினால் ஒருகாலத்திற் பிந்திய பருவம், இன்று சில வீடுகளில் மிகுதியினால் முந்துகின்றது.

இனி, இயல்பு எது, இயல்பு கடந்தது எது என்று பார்ப்போம். சிறுமியிடம் 8 வயதுக்கு முன்னரும் சிறுவனிடம் 9 வயதுக்கு முன்னரும் பருவக்குறிகள் தோன்றின் வைத்தியர் அதனை முந்திய பருவம் என்பர். சிறுமியிடம் மார்பு அரும்புதல், சிறுவனிடம் விதைகள் பெருத்தல், இருபாலாரிடமும் மறைவிடத்தில் மயிர் முளைத்தல், வளர்ந்தோருக்குரிய வியர்வை நாற்றம், முகப்பரு, திடீரென உயர்தல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. அவற்றுள் ஒன்று மட்டும் தனித்துத் தோன்றி அவ்வளவில் நின்றுவிடுதலும் உண்டு. அது எத்தகையது என முடிவுகூறுதல் வைத்தியரின் பொறுப்பு. பெரும்பாலான சிறுமியரிடம் இதற்கு நோய்க்காரணம் எதுவும் காணப்படுவதில்லை. சிறுவரிடம் அவ்வாறு காணப்படுதல் ஒப்பளவில் அதிகமாதலின், ஆண்பிள்ளைதானே என்று வாளாவிருத்தல் கூடாது. ஓயாத தலைவலியோ பார்வைக் குறைவோ சேர்ந்திருப்பின் ஒரு நாளும் தாமதித்தலாகாது.

வகுப்பில் எல்லாரினும் உயரமாய் நிற்கும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் மகிழ்வதைப் பாடசாலையிற் பன்முறை காண்கின்றோம். பருவம் மிக முந்திய பிள்ளையிடத்து அவ்வுயரம் ஓர் ஏமாற்றம். எலும்புகளின் முனைகள் விரைவில் மூடிக்கொள்ள, வளர்ச்சி முன்னதாகவே நின்றுவிடும். இன்று எல்லாரினும் உயர்ந்து நிற்பவள் நாளை எல்லாரினும் குள்ளமாகலாம். இதனாலேயே வைத்தியர் இடக்கையின் எக்ஸ்-கதிர்ப் படத்தை எடுத்து, எலும்பின் வயதைக் கணிக்கின்றனர். அதற்கென கிறூலிக், பைல் என்னும் இருவர் 1950இல் வெளியிட்ட படத்தொகுதி இன்றும் பயன்படுகின்றது.

பருவத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கவும் மருந்து உண்டு. மூளையிலிருந்து விட்டுவிட்டு வரும் ஓர் ஓமோனே கபச்சுரப்பியைத் தூண்டிப் பருவத்தை நிகழ்விக்கின்றது. அவ்வோமோன் இடைவிடாது வந்துகொண்டிருப்பின் சுரப்பி அதற்குச் செவிசாய்க்காது அடங்கிவிடும் என்பதைக் குரங்குகளிடம் நிகழ்த்திய சோதனைகளால் 1978இல் எர்ன்ஸ்ட் நொபில் குழுவினர் காட்டினர். விட்டுவிட்டுத் தட்டினாற் கதவு திறக்கும். ஓயாது தட்டிக்கொண்டேயிருந்தால் உள்ளிருப்பவர் காதைப் பொத்திக்கொள்வர். இதனைப் பயன்படுத்தி, முந்திய பருவமுற்ற சிறுமியரிடம் அதனை அடக்கி வைக்கலாம் என 1981இல் அமெரிக்க வைத்தியர் நிறுவினர். மருந்தை நிறுத்தியதும் பருவம் தன் வழியே தொடரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வேண்டுவதில்லை. எவருக்கு வேண்டும் என்பதை வைத்தியரே துணிவர். காலம் தாழ்த்திச் சென்றாற் பயன் குறையும் என்பதை மட்டும் நாம் மறத்தல் ஆகாது.

வைத்தியர் செய்வது ஒரு பாதி. மறு பாதி வீட்டுக்கும் பாடசாலைக்கும் உரியது. பிள்ளையின் உயரத்தை ஆண்டுக்கு இருமுறை சுவரில் அளந்து திகதியிட்டு வையுங்கள். வைத்தியர் கேட்கும் முதற் சான்று அதுவே. மாற்றம் தோன்றின் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவள் செய்த குற்றம் யாதுமில்லை. இது எல்லாருக்கும் வருவது, உனக்குச் சிறிது முந்தி வந்திருக்கின்றது என்று எளிய சொற்களால் தாய் எடுத்துக்கூறின் பாதி அச்சம் நீங்கும். ஆசிரியர்கள், உடல் வளர்ந்த பிள்ளையிடம் வயதுக்கு மிஞ்சிய பொறுப்பையும் அறிவையும் எதிர்பார்த்தல் கூடாது. 8 வயதுப் பிள்ளை 14 வயதுத் தோற்றம் பெற்றிருப்பினும் 8 வயதுப் பிள்ளையாகவே அழும், விளையாடும், பிழைவிடும். ஏனைய மாணவரின் கேலிக்கும் வளர்ந்தோரின் தகாத பார்வைக்கும் அவள் ஆளாகாதபடி காத்தல் நம் கடன்.

இன்னொன்றும் கூற வேண்டும். பெண்பிள்ளை சாமர்த்தியப்பட்டாற் சுற்றமும் அயலும் அறியச் சடங்கு செய்தல் நம் மரபு. மகளை வாழ்த்துதற்கெழுந்த மரபு அது. ஆனால் தனக்கு நிகழ்ந்ததையே விளங்கிக்கொள்ளாத 8 வயதுச் சிறுமியை மணைமீது இருத்தி ஊருக்குக் காட்டுதல் அவளுக்கு வாழ்த்தாகுமா என்று எண்ணிப் பாருங்கள். நாள்கள் பலவற்றை வீட்டினுள் கழித்து அவள் இழக்கும் பாடங்களையும் எண்ணுங்கள். அப்பிள்ளைக்கு அவ்வேளையில் வேண்டியது வைத்தியரின் ஆலோசனையும் தாயின் அணைப்பும் வழக்கமான வகுப்பறையுமே.

மொன்தெஸ்கியூவும் கல்கத்தாவில் வாதிட்டோரும் உடலைப் பார்த்து வயதைத் தீர்மானித்தனர். அதன் விலையைச் செலுத்தியவர்கள் சிறுமியர். உடல் முந்தி வரலாம். அதனால் ஆண்டுகள் முந்தி வருவதில்லை. 8 வயதினளைப் பெதும்பை என்று வழங்கிய நம் முன்னோர் ஆண்டுகளைக் கொண்டே பருவத்தை எண்ணினர். அவள் மங்கையாவதற்கு இன்னும் காலம் உண்டு. அக்காலத்தை அவளிடமிருந்து பறியாது காப்பது பெற்றோராகிய உங்களுக்கும் ஆசிரியராகிய எங்களுக்கும் உரிய கடமையாகும்.