குசினிக்குக் கோப்பை கழுவும் இயந்திரம்: முதலில் கிணற்றுத் தண்ணீரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்குக் கோப்பை கழுவும் இயந்திரம் ஒன்றை அனுப்ப கனடாவில் உள்ள பிள்ளைகள் நினைத்தால், அந்த எண்ணத்தை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. அங்குள்ளவை 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. இங்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஐரோப்பிய இயந்திரங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவற்றின் பிளக்கை எர்த் இல்லாத அடாப்டரில் செருகி ஓட்டக்கூடாது. தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம் 2 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். எர்த் உள்ள 13 அம்பியர் பிளக் பொயின்ற் தனியாக வேண்டும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் பெரிய பிரச்சினையல்ல. 60 சென்ரிமீற்றர் அகலம், அதுவும் இல்லாவிட்டால் 45 சென்ரிமீற்றர் வகை, சிங்குக்குப் பக்கத்தில்.

தண்ணீர்தான் பிரச்சினை. பல இயந்திரங்கள் 0.3 முதல் 0.5 பார் வரையான அழுத்தத்தையாவது கேட்கும். 10 மீற்றர் உயரத்துக்கு 1 பார் என்பது கணக்கு. ஆகவே தண்ணீர்த் தாங்கி இயந்திரத்தைவிட 3 முதல் 5 மீற்றராவது மேலே இருக்கவேண்டும். கூரையோடு ஒட்டிய சிறு தாங்கி பல வீடுகளில் போதாது.

அடுத்தது சுண்ணாம்பு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது இயந்திரத்தின் உள்ளேயும் படியும். உப்பு இடும் அறையும் தண்ணீரை மென்மையாக்கும் அமைப்பும் உள்ளதையே வாங்குங்கள். தண்ணீரின் வன்மையைப் பரிசோதித்து, அந்த அளவுக்கு அமைப்பைச் சரிசெய்யவேண்டும். அதற்கென விற்கும் கட்டி உப்பைத்தான் போடலாம், கறி உப்பை அல்ல. கிணறு உவராக இருந்தால் இதுவும் உதவாது: மென்மையாக்கி குளோரைட்டை அகற்றாது, அது எவர்சில்வரையும் நாளடைவில் அரிக்கும். அப்படியான வீட்டுக்கு வாங்காமல் விடுவதே என் அபிப்பிராயம்.

அலுமினியச் சட்டி உள்ளே போனால் கறுக்கும். மண்சட்டி, சிரட்டை அகப்பை, மரப்பலகை எதையும் வைக்கமுடியாது. அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கும் வேலை பழைய ஆளுக்கே மிஞ்சும். வாங்கித் தருபவர்கள் இதை யோசிப்பது குறைவு.

கழிவுநீர்க் குழாயைத் தரையிலிருந்து 40 சென்ரிமீற்றராவது உயர்த்திப் பிறகு இறக்கவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். அந்த நீரை வழக்கம்போல வாழைக்கு விடவேண்டாம். அதில் காரமும் உப்பும் இருக்கும். சுண்ணக்கல் நிலத்தில் எதுவும் விரைவாகக் கீழே இறங்கும் என்பதால், ஊறுகுழியும் கிணற்றிலிருந்து இயன்றளவு தள்ளியே இருக்கவேண்டும்.