இலவசக் காணொளி மாற்றிகள்: உரிமமும் அபாயமும்

காணொளிகளை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள்களைக் குறித்து எழுதுவோர், பாதுகாப்பை ஒரு பிரச்சினையாகவும், உரிம நிபந்தனைகளை வேறொன்றாகவும், வேலைக் குறைபாடுகளை மூன்றாவதாகவும் பிரித்து விசாரிப்பது வழக்கம். இப்பிரிவினை சௌகரியமானதேயன்றிச் சரியானதன்று. உரிமத்தால் நேரும் குறைபாடே உபயோகிப்பவரை முகமறியாதவர் வாசலுக்கு அனுப்புகிறது என்பதும், அபாயத்தின் பெரும்பகுதி அவ்வாசலிலேதான் காத்திருக்கிறது என்பதும் என் வாதம்.

இத்துறைக்கு ஆதாரமாய் விளங்குவது, 2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருள் திட்டமாகும். ஆடம்பரமான பெயர்களோடு உலவும் மாற்றிகளில் பல, உள்ளே நோக்கினால், இதற்கு இட்ட மேற்பூச்சேயன்றி வேறல்ல. இதன் அடிப்படை உரிமம் எல்ஜிபிஎல் என்னும் தளர்ந்த திறந்தமூல உரிமம்; காணொளியைச் சுருக்கும் எக்ஸ்264 என்னும் கோடெக்கைச் சேர்த்துத் தொகுத்தால் முழுவதும் அதைவிடக் கடுமையான ஜிபிஎல் நிபந்தனைக்கு உட்படும்; அதனோடு ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் ஏஏசி ஒலி நூலகத்தையும் கூட்டினாலோ, அப்பிரதியைத் தொகுத்தவர் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாமே தவிர, பிறருக்கு வழங்கும் உரிமை அவருக்கில்லை. திட்டத்தார் வெளியிடுவதோ மூலநிரல் மட்டுமே; தொகுத்த பிரதிகளைத் தருபவர்கள் வேறு மனிதர்கள். இவ்வாறே, ஹேண்ட்பிரேக் என்னும் புகழ்பெற்ற மாற்றியில், வணிக டிவிடிகளின் பூட்டைத் திறக்கும் நூலகம் சேர்க்கப்படவில்லை. அத்தகைய கருவிகளை விநியோகிப்பதை 1998-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே, அந்நூலகத்தைத் தேடித் தாமே கொணர்ந்து சேர்க்கும் பழக்கம் மக்களிடையே வேரூன்றிவிட்டது.

இப்பழக்கத்தின் விபரீதம் 2017 மே மாதத்தில் வெளிப்பட்டது. ஹேண்ட்பிரேக்கின் பதிவிறக்கச் சேவையகங்களுள் ஒன்றில் புகுந்த எவரோ, மேக் கணினிகளுக்கான 1.0.7 பதிப்பை அகற்றி, புரோட்டான் என்னும் வேவு நிரல் பொதிந்த போலியை அவ்விடத்தில் வைத்தனர். மே 2 முதல் 6 வரை இந்நிலை நீடித்தது. போலியைத் திறந்ததும் ஒரு சிறு கட்டம் தோன்றி, கூடுதல் கோடெக்குகளை நிறுவவேண்டுமென்று சொல்லிக் கடவுச்சொல்லைக் கேட்டது. ஆயிரம் சாக்குகள் இருக்க, கோடெக்கைத் தேர்ந்ததில் அந்த வஞ்சகரின் மதிநுட்பத்தை மெச்சத்தான் வேண்டும்! ஏதேனும் ஒன்று எப்போதும் குறைந்தே இருக்கும் என்று பழகிய மனம், அக்கேள்வியைச் சந்தேகிப்பதில்லை.

மூலநிரல் பகிரங்கமாயிருப்பதே போதிய காப்பு என்பாரும் உளர். ஆனால் ஹேண்ட்பிரேக்கின் மூலநிரலில் அந்நாட்களில் களங்கமொன்றும் இல்லை. மாறியது தொகுத்த பிரதியே. மென்பொருளுக்குள்ளேயே அமைந்த புதுப்பிப்பு வசதி, 1.0 முதலான பதிப்புகளில் மின்னொப்பத்தைப் பரிசோதித்த பிறகே நிறுவியதால், அவ்வழியே பெற்றவர்கள் தப்பினர்.

அசல் பிரதியும் முற்றிலும் நிரபாயமன்று. தந்திரமாய்ப் புனைந்த காணொளிக் கோப்பொன்றைக் கொடுத்தால், கணினியிலுள்ள பிற கோப்புகளைப் படித்து வெளியே அனுப்பிவிடும் குறையொன்று 2016-இல் எஃப்எஃப்எம்பெக்கில் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. எஃப்எஃப்எம்பெக்கை உள்ளே வைத்துக்கொண்டு, உரிமம் கோரும் அறிவிப்பை மறைத்து விற்கும் மாற்றிகளில், திருந்திய பதிப்பு இருக்கிறதா, பழையதே இருக்கிறதா என்பதை வாங்கியவர் அறிவதெப்படி? எனவே உரிம மீறலைச் சட்டக்காரர் கவலை என்று ஒதுக்காமல், எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பின்மீது கட்டப்பட்டது என்று வெளிப்படையாகக் கூறாத மாற்றியை, இலவசமாயினும் விலைக்காயினும், வாசகர்கள் தம் கணினியில் ஏற்றாதிருப்பார்களாக.