உருளவள்ளியின் சகோதரத்துவம்

ஆங்கிலேயர் ஆட்சி பரவிய இடமெல்லாம் ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பின் லாட்ஜும் பரவியது. இலங்கையும் அதற்கு விலக்கல்ல. தோட்டத் துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் அங்கே கூடி ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொண்டார்கள். சகோதர அன்பு, துயர் துடைத்தல், உண்மை ஆகிய மூன்றும் அவர்களுடைய கொள்கைகள். அவர்கள் தர்மம் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவுவதை அவர்கள் கடமையாகவே வைத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சகோதரத்துவத்துக்கு ஒரு வாசல் உண்டு. விண்ணப்பிக்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் ஒப்ப வேண்டும். பிரசன்ன குமார் தத் என்ற வங்காள இந்து கல்கத்தாவில் அந்த வாசலைத் தாண்ட ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து, 1872இல்தான் உள்ளே போனார். படித்த நகரவாசிக்கே இந்தப் பாடு என்றால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கைகட்டி நின்ற தோட்டத் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சப்ரகமுவ தோட்டங்களில் தோழமையின் வரலாற்றைத் தேடுகிறவர் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் வாதம். அதற்குச் சான்று கேகாலை மாவட்டத்தில், உந்துகொடைப் பக்கத்தில் இருக்கிறது.

நேவ்ஸ்மயர் என்று கச்சேரிக் காகிதங்களில் இருக்கும் தோட்டத்தை நம்மவர்கள் உருளவள்ளி என்பார்கள். கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் அதை வாங்கியது. காணியில்லாச் சிங்களக் கிராமத்தவருக்குப் பகிர்ந்து கொடுப்பது திட்டம். அங்கே வேலை செய்த இந்தியத் தமிழ்க் குடும்பங்களுக்கு 1946இல் லயத்தை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. லயத்து அறை என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு ஒடுங்கிய திண்ணை, பின்னால் நாலு மரக்கறிச் செடி. பிள்ளை பிறந்ததும் அங்கேதான், பெற்றவர் கண்மூடியதும் அங்கேதான். போக வேறு இடமில்லாத சனம் போக மறுத்தது; அத்துமீறி இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. அந்தக் குடும்பங்களுக்காக இலங்கை இந்தியன் காங்கிரஸ் அழைத்த வேலைநிறுத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 21 நாள் வேலைக்கு இறங்கவில்லை. உருளவள்ளியை ஒருநாளும் கண்ணால் கண்டிராதவர்களே அவர்களில் மிகப் பெரும்பாலானோர்.

இதைத் தோழமை என்பது மிகை, தொழிற்சங்கம் சொன்னது, தொழிலாளி கேட்டான், அவ்வளவுதான் என்று சிலர் சொல்லக்கூடும். நாளைக்குத் தன் லயத்துக்கும் இந்தக் கதி வரலாம் என்ற பயம் அவர்களுக்கு இருந்ததும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 21 நாள் என்பது என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் கொழுந்து பறிக்கிறவருக்கும் இதே கணக்குத்தான். அன்று மாதச் சம்பளத்தில் அரிசிக் காசு கழித்து மிஞ்சியது சில்லறை. பயந்தவன் தன் பிழைப்பைத்தான் முதலில் பார்ப்பான்; இவர்களோ முகம் தெரியாதவருக்காகத் தங்கள் அடுப்பை அணையவிட்டார்கள். சங்கம் அழைக்கலாம், மூன்று வாரம் பட்டினியைத் தாங்குவது வீட்டிலிருக்கும் பெண்ணின் சம்மதம் இல்லாமல் நடக்காது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. நிலமற்ற சிங்களக் கிராமத்தவருக்கும் நியாயம் இல்லையா? உண்டு. தோட்டங்கள் பெருகியபோது நெருக்கப்பட்டது அவர்களுடைய கிராமங்கள்தான். அந்த இழப்பைத் தோட்டத் தொழிலாளி உண்டாக்கவில்லை. ஏழை ஒருவனுக்குக் காணி கொடுக்க இன்னொரு ஏழையின் கூரையைப் பிடுங்கத்தான் வேண்டுமா என்பதே உருளவள்ளி எழுப்பிய கேள்வி. அதைச் சிங்களவர் மீதான பகை என்று படிப்பது பிழை.

போராட்டம் தோற்றுப்போனதே என்பாரும் உண்டு. வேலைநிறுத்தம் உத்தரவை முறிக்கவில்லை. ஆனால் வழக்கு தொடர்ந்தது. அந்த லயத்துத் தொழிலாளி ஒருவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1950இல் முடியரசின் மேன்முறையீடு தள்ளுபடியானது. அந்த மனிதர் அங்கே தங்கியதன் முதன்மையான நோக்கம் தன் வீட்டைக் காத்துக்கொள்வது, யாரையும் தொல்லைப்படுத்துவது அல்ல என்று நீதிபதிகள் சொன்னார்கள். இதற்குள் இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. லயத்து அறையை வீடு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட நேரத்தில், அந்தச் சட்டத்தால் லயங்களில் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நாடு இல்லாமல் போயிருந்தது.